மோட்டாருக்கு முறைக்காய்ச்சல்

முறைக்காய்ச்சல் என்று ஒரு வியாதி உண்டு. நோயாளி இரண்டு கம்பளிக்குள் கிடந்து கிடுகிடுவென்று நடுங்குவான். வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வியர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்பான். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது!" என்பார். ஒரு நாள் விட்டு மறுநாள், அதே வேளைக்கு, மறுபடியும் நடுக்கம் வந்து சேரும். ஆகையால்தான் விவரம் தெரிந்த வைத்தியர்கள், காய்ச்சல் எந்த மணிக்கு வந்தது, எத்தனை நாழிகை நின்றது, குளிர் முந்தியதா, சூடு முந்தியதா என்று முதலில் கேட்பார்கள். இரத்தப் பரீக்ஷை செய்வதானால் காய்ச்சல் அடிக்கும் சமயத்திலேயே இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

மோட்டார் வண்டிக்கும் இந்த வியாதி வருவதுண்டு. குறையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கார், நடுச்சாலையில் திடீரென்று மூச்சை நிறுத்திவிடும். ஆலங்குளத்திலிருந்து ராஜபாளையம் போகிற வழியில், முன்னால் ஒரு சிமெண்டு லாரி, பின்னால் ஒரு பஸ், நடுவில் குழந்தை குட்டிகளோடு நாம் என்ற நிலையில் இது நேர்ந்தால், வண்டி ஓட்டுகிறவருக்கு இஷ்ட தெய்வத்தின் பெயர்கூட உடனே ஞாபகத்துக்கு வராது. எப்படியோ ஓரம் சேர்த்து, கால் மணி நேரம் காத்திருந்து, சாவியைத் திருப்பினால் வண்டி ஒன்றுமே நடவாதது போலப் புறப்பட்டுவிடும். அன்று மாலையே பட்டறையில் கொண்டு போய் விட்டால், மெக்கானிக் கடைத்தெரு வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, "வண்டி குதிரை மாதிரி இருக்கிறது, சார்!" என்பார். அவர் சொல்வது பொய்யல்ல. அவர் கையில் இருந்தபோது அது குதிரையாகத்தான் இருந்தது.

அடியோடு நின்றுபோன வண்டியைப் பழுது பார்ப்பது சுலபம். ஓடவே ஓடாது, ஆகையால் ஒவ்வோர் உறுப்பாகச் சோதித்துக்கொண்டே போனால் எங்கேயாவது குற்றவாளி அகப்பட்டே தீர வேண்டும். நின்று நின்று ஓடும் வண்டியோ சாட்சி சொல்ல வந்த இடத்தில் வாயைத் திறக்காத சாட்சியைப் போன்றது. இதனால் ஏற்படும் பண நஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. உயிர் நஷ்டமும் ஏற்பட்டிருக்கிறது; அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

வண்டி நின்றவுடன் சாலையோரத்தில் வைத்தியம் சொல்ல ஆட்கள் கூடுவது நம் பக்கத்து வழக்கம். "பேட்டரி போய்விட்டது" என்பார் ஒருவர். "பெட்ரோலில் சாராயத்தைக் கலக்கிறார்கள்; பின்னே ஓடுமா?" என்பார் மற்றொருவர். எங்கள் ஊரிலாவது எதற்கும் கை காட்டுவதற்கு அரசாங்கச் சிமெண்டு ஆலை ஒன்று இருக்கிறது. தலைவலி முதல் தறி நிற்பது வரையில் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்புத் தூசியே காரணம் என்று சொல்லிவிடலாம். உண்மை என்னவென்றால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்தால் வண்டியின் இழுவை குறையும். ஓடிக்கொண்டிருக்கும்போது அணைந்துபோய், கால் மணி கழித்துத் தானே குணமடைவது தூசியின் குணமல்ல. தூசிக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது. எத்தனால் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-ஆம் ஆண்டுக்குள் தேசமெங்கும் பரவிவிட்டது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் என்பதும், பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது என்பதும் வாஸ்தவமே. ஆனால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்திருந்தால், தொட்டியை நிரப்பிய சற்று நேரத்திலேயே உபத்திரவம் ஆரம்பமாகும். அந்தப் பெட்ரோல் தீரும் வரையில் விடாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் இறக்கி அரை மணி நேரம் அசையாமல் வைத்தால், அடியில் தனியாகப் படிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பார்த்தே தீர்த்துக்கொள்ளக்கூடிய சந்தேகத்துக்கு வாதம் எதற்கு?

இதற்கடுத்த கட்டம் பட்டறை வைத்தியம். முதல் தடவை ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுவார்கள். இரண்டாம் தடவை பேட்டரி. மூன்றாம் தடவை இக்னிஷன் காயில். நான்காம் தடவை இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி சில நாட்கள் ஒழுங்காக ஓடும். ஏனெனில் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அது சில நாட்கள் ஒழுங்காக ஓடியிருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. "என்ன கோளாறு என்று தேடுவதற்கு இரண்டு நாள் கூலி கொடுங்கள்" என்று அவர் கேட்டால் நம்மில் எத்தனை பேர் கொடுப்போம்? ஒரு சாமானை மாற்றி, பழைய சாமானைக் கையில் கொடுத்தால்தான் கொடுத்த காசுக்கு நமக்குத் திருப்தி. தேடுகிற வேலைக்குக் கூலி இல்லை என்றால், தேடாமல் மாற்றுகிற வேலைதான் நடக்கும்.

ஆகையால் இந்த வியாதியில் முதல் வைத்தியர் வண்டியின் சொந்தக்காரரே. காய்ச்சல் வரும்போது கூட இருப்பவர் அவர் ஒருவர்தான். வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போட்டு வைக்க வேண்டும். நின்ற ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, புறப்பட்டு எத்தனை நிமிஷம் ஆயிற்று, என்ஜின் சூடு எவ்வளவு, தொட்டியில் பெட்ரோல் எவ்வளவு, ஏற்றமா சமதரையா, மழையா வெயிலா, ஏ.ஸி. ஓடிற்றா, எத்தனை நிமிஷத்துக்குப் பிறகு மறுபடி கிளம்பிற்று என்பதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, அது எப்படி நின்றது என்பதை எழுதவேண்டும். வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி சாவதில்லை.

பெட்ரோல் என்ஜினுக்கு வேண்டியவை மூன்று: காற்று, பெட்ரோல், சரியான தருணத்தில் ஒரு தீப்பொறி. இவற்றை அளந்து கொடுப்பதற்கு இக்காலத்து வண்டிகளில் ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. நான்கில் எது கைவிட்டாலும் வண்டி நிற்கும். ஆனால் ஒவ்வொன்றும் கைவிடும் விதம் வேறு.

விளக்கை ஊதி அணைத்தாற்போல, முன்னறிவிப்பு எதுவுமின்றி நின்றது, ஆனால் விளக்குகளும் ரேடியோவும் உயிரோடு இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மெக்கானிக்குகள் 'கிராங்க் சென்சார்' என்று சொல்லும் கட்டைவிரல் அளவுள்ள கருவியின்மீது சந்தேகம் கொள்ளவேண்டும். என்ஜினின் தண்டு எந்த நிலையில் சுழல்கிறது என்று கணிப்பொறிக்கு விநாடிதோறும் சொல்லிக்கொண்டிருப்பது இதுவே. இதன் சொல் நின்றால், எப்போது பொறி வைப்பது, எப்போது பெட்ரோல் தெளிப்பது என்று கணிப்பொறிக்குத் தெரியாது, இரண்டையும் நிறுத்திவிடும். பல வண்டிகளில் இக்கருவிக்குள் மயிரிழை போன்ற செப்புக் கம்பிச் சுருள் ஒன்று உண்டு. அதில் ஒரு விரிசல் விழுந்தால், குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளும் தொட்டுக்கொண்டிருக்கும். என்ஜின் சூட்டில் விரிந்தால் பிரிந்துவிடும். ஆறினால் மறுபடியும் சேரும். முறைக்காய்ச்சலுக்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. பரீக்ஷையும் எளிது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கையில் என்ஜின் அணைந்தால், சக்கரங்கள் இழுப்பதால் என்ஜின் சுழன்றுகொண்டுதான் இருக்கும், ஆர்.பி.எம். காட்டும் முள்ளும் மெல்லத்தான் இறங்க வேண்டும். முள் மட்டும் சட்டென்று சைபருக்கு விழுந்தால், என்ஜின் சுழல்கிற செய்தி கணிப்பொறிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்யும்போதும் முள் சற்றே எழும்ப வேண்டும். அசையாமல் படுத்திருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அந்தக் கருவியின்மேல் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றிய உடனே வண்டி கிளம்பினால், பிறகு வேறு சாட்சி தேவையில்லை.

நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்லுகிறோம். நண்பர் ஒருவர், பழைய வண்டி ஒன்றை வாங்கி ஒரு வருஷ காலம் இந்த வியாதியோடு மன்றாடினார். பிளக், பேட்டரி, காயில் எல்லாம் மாற்றியாயிற்று. வண்டிக்கு ராசியில்லை என்று முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கடைசியில் நோட்டுப் புத்தகம் போட்டார். 11 தடவை குறித்த பிறகு பார்த்தால், காலையில் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்பும் நடுப்பகல் வெயிலில்தான் அத்தனையும். 11 தடவையும் புறப்பட்டு அரை மணிக்கு மேல் ஆன பிறகே. 9 தடவை முள் சைபரில் விழுந்திருந்தது. மற்ற இரண்டு தடவை முள்ளைக் கவனிக்கவில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தார். அந்த ஒரு பக்கத்தை வாசித்த மெக்கானிக், வண்டியைத் தொடுவதற்கு முன்பே, எந்தச் சாமான் என்று சொல்லிவிட்டார். அதன் விலை முன்பு மாற்றிய பேட்டரியின் விலையில் சிறு பகுதிதான்.

இரண்டாவது விதம், மூச்சுத் திணறி நிற்பது. வண்டி முதலில் இரண்டு குலுக்குக் குலுக்கும், காலை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் எடுக்காது, பிறகு அடங்கும். ஏற்றத்திலும், வேகமாகப் போகும்போதும், தொட்டியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதும் இது அதிகம். இங்கே குற்றவாளி பெரும்பாலும் பெட்ரோல் பக்கத்தில் இருப்பான். கார்புரேட்டர் காலத்தில் செங்கோட்டைக்கு மேலே மலைப் பாதையில் வண்டி இப்படித் திணறினால், பழைய டிரைவர்கள் பதற்றப்பட மாட்டார்கள். குழாயில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு, ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக்கொள்வார்கள் (தள்ளி நின்றுதான் என்று நம்புவோமாக). இன்றைய வண்டியில் பம்பு பெட்ரோல் தொட்டிக்கு உள்ளேயே மூழ்கி இருக்கிறது. ஈரத் துணி சுற்ற இடமில்லை. ஆனால் காது கொடுத்துக் கேட்கலாம்: ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், பின்ஸீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வர வேண்டும். நல்ல நாளிலேயே அந்தச் சத்தத்தைக் காதுக்குப் பழக்கிக்கொண்டால், நின்ற நாளில் அது இல்லாதது உடனே தெரியும்.

ரீங்காரம் இல்லையென்றால் பம்பு செத்திருக்கலாம். அல்லது பம்புக்கு மின்சாரமே வராமல் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறியாமல் பம்பை மாற்றுவது அநியாயச் செலவு. பம்புக்கு மின்சாரம் விடும் 'ரிலே' என்ற சிறு பெட்டியும் ஹாரனுடைய ரிலேயும் பல வண்டிகளில் ஒரே ஜாடையாக இருக்கும். ஒன்றை எடுத்து மற்றொன்றின் இடத்தில் செருகிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. ரீங்காரம் இருந்தும் வண்டி திணறினால், அழுத்தத்தை அளக்க வேண்டும். பட்டறையில் வைத்து அளந்தால் போதாது. நல்ல மெக்கானிக்குகள் அழுத்தமானிக்கு நீண்ட குழாய் போட்டு, முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டிவைத்து, வண்டி நிற்கும் வரையில் ஓட்டுவார்கள். என்ஜின் திணறும் அந்த நிமிஷத்தில் முள் இறங்கினால் பம்பு அல்லது வடிகட்டி. முள் நிலையாக நின்றிருக்க என்ஜின் செத்தால், பெட்ரோல் நிரபராதி. மற்றொன்று: தொட்டியில் உள்ள பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிஸர்விலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் பம்பின் ஆயுளைத் தாங்களே குறைக்கிறார்கள். நின்ற வண்டியின் பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி கிளம்பினால், தொட்டிக்கு மூச்சுவிடும் வழி அடைத்துப் போயிருக்கிறது என்று கொள்ளலாம்.

டீசல் வண்டியில் தீப்பொறி கிடையாதாகையால், வடிகட்டியில் சேர்ந்த தண்ணீரையும் குழாயில் புகுந்த காற்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

தேரடியில் திரும்பும்போதும், ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போதும் மட்டும் அணைந்து, வேகத்தில் ஒருநாளும் அணையாத வண்டிக்குப் பெரிய வியாதி இல்லை. காற்று நுழையும் வாயில் கரி பிடித்திருக்கும், ஏ.ஸி.யின் பாரம் சேர்ந்தவுடன் மூச்சுப் போதாமல் போகிறது. துடைத்தால் சரியாகும்.

நான்காவது விதந்தான் பயங்கரமானது. என்ஜின் மட்டுமல்ல, விளக்கு, ரேடியோ, முன்பலகை எல்லாமே ஒரே சமயத்தில் இருண்டுபோகும். அல்லது சாவியைத் தானே யாரோ திருப்பிவிட்டாற்போல் இருக்கும். பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பார்த்தால், ஆடக்கூடாதது ஆடும். அடிச்சட்டத்தோடு சேர்க்கும் கம்பி துருவேறியிருக்கும். எலி கடித்த ஒயர் மழைநாளில் மட்டும் வேலையைக் காட்டும். என்ஜினை ஓடவிட்டு ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்தால், எங்கே அசைக்கும்போது நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அவ்விதமே சாவியையும் துளையில் இருக்கும்போதே மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுச் சாவி, பீரோச் சாவி, ஸ்கூட்டர் சாவி, பழனியில் வாங்கிய வேல் ஆகிய அனைத்தையும் ஒரே வளையத்தில் கோத்துக் கார்ச் சாவியில் தொங்கவிடும் அன்பர்கள் அடுத்து வரும் விருத்தாந்தத்தைச் சற்றுக் கவனமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில், 2010 மார்ச் மாதம், இளம் நர்ஸ் ஒருத்தி தன் செவர்லே கோபால்ட் காரை வியாபாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் தானாக அணைந்துவிடுகிறது என்பது அவளுடைய புகார். பெட்ரோல் தெளிக்கும் பகுதியைச் சுத்தம் செய்து வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சில நாட்களில், மார்ச் 10-ஆம் தேதி இரவு, ஈரச் சாலையில் அந்தக் கார் கட்டுமீறிச் சறுக்கி, எதிரே வந்த வண்டியோடு மோதி அவள் உயிர் போயிற்று. பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் தரப்புக்காக மார்க் ஹூட் என்னும் பொறியியல் நிபுணர் அந்தக் காரின் சாவி ஸ்விட்சைப் பிரித்துப் பார்த்தார். காரணம் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு கடைக்குப் போய் அதே எண்ணுள்ள புதிய ஸ்விட்ச் ஒன்றை வாங்கி இரண்டையும் ஒப்பிட்டார். புதியதற்குள் இருந்த ஒரு சிறு முளை, பழையதைவிடச் சுமார் 1.6 மில்லிமீட்டர் நீளம் அதிகமாக இருந்தது. சாவியை 'ஆன்' நிலையில் பிடித்து வைத்திருப்பது அந்த முளையும் அதன் வில்லுந்தான். பழையதில் பிடி போதாது. முழங்கால் பட்டாலோ, கனத்த சாவிக்கொத்து குலுங்கினாலோ சாவி நழுவி என்ஜின் அணைந்துவிடும். கம்பெனி அந்தச் சாமானைத் திருத்தியிருக்கிறது. ஆனால் அதன் எண்ணை மாற்றவில்லை. எண் மாறாததால், எந்த வண்டியில் கெட்டது இருக்கிறது, எதில் நல்லது இருக்கிறது என்று எவருக்கும் தெரியாமல் போயிற்று.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் எஞ்சினியர்களுக்கு இந்தக் குணம் முன்பே தெரிந்திருந்தது. 2005-லேயே, கனமான சாவிக்கொத்துகளைக் கழற்றிவிடும்படி வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லுமாறு வியாபாரிகளுக்கு அறிக்கை போயிருந்தது. வண்டிகளைத் திரும்ப அழைப்பது 2014-இல்தான் நடந்தது. இந்த ஸ்விட்சுக்காக அழைக்கப்பட்டவை சுமார் 26 லட்சம். கம்பெனி ஏற்படுத்திய நஷ்டஈட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. அமெரிக்க அரசாங்கத்தோடு 2015-இல் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி கம்பெனி கட்டிய தொகை 90 கோடி டாலர். சாவு அதிகமானதற்குக் காரணம் வண்டி நின்றது மட்டுமல்ல. சாவி நழுவியதும், மோதலின்போது விரிந்து காப்பாற்ற வேண்டிய காற்றுப்பைகளும் விரியவில்லை.

வண்டி அணைந்தால் வேறு சிலவும் கைவிடும் என்பதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக்கை இலேசாக்கும் சக்தி என்ஜினிலிருந்து வருகிறது. அணைந்த பிறகு ஓரிரு அழுத்தலுக்கு மட்டுமே மிச்சம் இருக்கும். அதன் பின்னும் பிரேக் பிடிக்கும், ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். ஆகையால் விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டியரிங் கனத்துப் போகும். பூட்டிக்கொண்டதாக எண்ணிப் பயந்து கையை விடக்கூடாது. ஓடும் வண்டியில் சாவியை உருவவே கூடாது. உருவினால் உண்மையாகவே பூட்டிக்கொள்ளும். நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டு, இடது ஓரம் ஒதுங்கி நின்ற பிறகே ஆராய்ச்சியை ஆரம்பிக்கலாம்.

இந்த மாதிரி சங்கதிகள் அமெரிக்காவில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜூலையில் மாருதி சுஸுகி கம்பெனி நம் தேசத்தில் 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தது: வேகன்-ஆர் 56,663, பெலினோ 78,222. காரணம், பெட்ரோல் பம்பில் இருக்கக்கூடிய குறை. 2021 ஏப்ரலில் ஹோண்டா கம்பெனி 77,954 கார்களை அழைத்தது. பம்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரத்தில் குறை இருக்கலாமென்றும், அதனால் நாளடைவில் என்ஜின் நின்றுபோகவோ கிளம்பாமல் இருக்கவோ நேரலாமென்றும் அதன் அறிக்கை சொல்லிற்று. அதே சமயத்தில் உலகமெங்கும் டொயோட்டா முதலிய கம்பெனிகள் லட்சக்கணக்கான வண்டிகளை இதே போன்ற காரணத்துக்காக அழைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பம்புகளில், பிளாஸ்டிக்கினால் ஆன இறக்கைச் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி உப்பிப் போய், சுற்றியுள்ள கூட்டில் உரசி, பம்பு நின்றுவிடும்.

ஏதோ ஓர் ஊரில் இப்படிப்பட்ட வண்டி ஒன்று நின்று நின்று ஓடியிருக்கும். அதன் சொந்தக்காரர் பிளக்கும் பேட்டரியும் மாற்றியிருப்பார். வண்டிக்கு ராசியில்லை என்று மனைவி சொல்லியிருப்பாள். தனித்தனியே பார்க்கும்போது அது ராசி. ஆயிரம் பேருடைய ராசியும் ஒரே மாதிரி இருக்கிறது என்று எவராவது எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் அது தொழிற்சாலைக் குறை என்று தெரியும். ஆகவே நோட்டுப் புத்தகம் சொந்த வண்டிக்கு மட்டும் உபயோகமுள்ளதல்ல.

அமெரிக்கர் இதற்கு 1966-லேயே சட்டம் செய்துகொண்டார்கள். நம் நாட்டில் 2012-லிருந்து கார் உற்பத்தியாளர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட ஓர் ஒழுங்குமுறைதான் இருந்தது, மனமிருந்தால் அழைப்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி கட்டளையிட மத்திய சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை செல்லும். கட்டளையிட்டுத் திரும்பப் பெறச் செய்தால், கம்பெனிக்கு 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் சர்க்கார் தாமாக விழித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. சொந்தக்காரர்களுடைய புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையை எட்டினால் விசாரணை நடக்கும். புகார் செய்யாத ஜனங்களுக்கு இந்தச் சட்டத்தினால் பயன் சொற்பமே.

2023-24-ஆம் ஆண்டில் நம் தேசத்துக்குள் மட்டும் சுமார் 42 லட்சம் பிரயாணிகள் வண்டிகள் விற்பனையாயின. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இங்கே செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் செய்யப்பட்டவையும் ஏராளம். ஒரு காலத்தில் மோட்டார் என்றால் கப்பலில் வந்து இறங்க வேண்டியிருந்ததை நினைத்தால் இது பெருமைப்படத்தக்கதே. ஆனால் இங்கே செய்த சாமானை வாங்குவதோடு சுதேசிய தர்மம் பூர்த்தியாகிவிட்டது என்று நாம் கருதவில்லை. செய்தது சரியில்லையென்றால் செய்தவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். நம்முடைய வழக்கமோ வேறு. நின்று நின்று ஓடும் வண்டியை ஒரு மாதம் துடைத்துப் பளபளப்பாக்கி, நன்றாக ஓடுகிற ஒரு நாளாகப் பார்த்து, விவரமறியாத வேறொருவர் தலையில் கட்டிவிடுகிறோம். "நானும் அப்படித்தானே வாங்கினேன்" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். வாங்குகிறவர் தம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அதே சாலையில், அதே லாரிகளுக்கு நடுவேதான் போகவேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இதில் மற்றொரு சங்கடம் உண்டு. கம்பெனி, வண்டியைத் திரும்ப அழைக்கும்போது அனுப்பும் தகவல் பெரும்பாலும் தன் கணக்கில் உள்ள முதல் சொந்தக்காரருக்கே போகிறது. அவர் கோயம்புத்தூரில் இருப்பார். வண்டி ராஜபாளையத்தில் இருக்கும். தகவல் அவர் வீட்டுப் பழைய காகிதங்களோடு போய்விடும். ஆனால் குறை வண்டியைச் சேர்ந்ததே தவிர ஆளைச் சேர்ந்ததல்ல. எத்தனை கை மாறியிருந்தாலும் அழைக்கப்பட்ட வண்டிக்கு அந்தச் சாமானைக் காசு வாங்காமல் மாற்றித் தருகிறார்கள். வண்டியின் ஆர்.ஸி.யில் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பர் இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் அதற்கென்று உள்ள இடத்தில் அந்த நம்பரைக் கொடுத்தால், அந்த வண்டி திரும்ப அழைக்கப்பட்டதா, சாமான் மாற்றியாயிற்றா என்று உடனே தெரியும். கைபேசியில் தேடத் தெரியாதவர்கள் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் நம்பரைச் சொல்லிக் கேட்கலாம். பழைய வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே இதைச் செய்வது நல்லது. வீட்டில் ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு இன்று மாலையே செய்யலாம்.